சத்தம் போடாத வலி: நாய், பூனையின் வேதனையை எப்படித் தெரிந்துகொள்வது?

வீட்டில் வளரும் பூனை ஒன்று. மீன் கழுவும் சத்தம் கேட்டாலே ஓடிவந்து காலைச் சுற்றும். இரண்டு நாளாக அது சரியாகச் சாப்பிடவில்லை. கொல்லைப்புறத்தில் நெல் மூட்டைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டு வெளியே வர மறுக்கிறது. கத்தவும் இல்லை, முனகவும் இல்லை.

"சூடு பிடிச்சிருக்கும், ரெண்டு நாள்ல தானா சரியாயிடும்" என்கிறார் ஒருவர். "உடம்பு வலியா இருக்கும். காய்ச்சல் மாத்திரையில கால் துண்டைப் பால்ல கரைச்சுக் குடுங்க" என்கிறார் இன்னொருவர்.

இரண்டுமே நல்லெண்ணத்தில் சொல்லப்படுபவைதான். ஆனால் முதல் யோசனையைக் கேட்டால் சிகிச்சை தாமதமாகும். இரண்டாவதைக் கேட்டால் பூனையே செத்துப்போகலாம். வாயில்லா ஜீவனின் வலியை எப்படி அறிவது, அறிந்த பிறகு என்ன செய்வது, என்ன செய்யவே கூடாது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

ஏன் காட்டிக்கொள்வதில்லை?

பூனை எலியை வேட்டையாடும் பிராணி. அதே சமயம் தன்னைவிடப் பெரிய பிராணிகளுக்கு அதுவே இரையாகவும் ஆகலாம். அடிபட்டு பலவீனமாக இருப்பது வெளியே தெரிந்தால் ஆபத்து. அதனால் வலி வந்தால் ஒளிந்துகொள்வதும் அசையாமல் இருப்பதும் அதன் இயல்பு. நாய் கொஞ்சம் கூடுதலாகக் காட்டிக்கொள்ளும். ஆனால் தெருவில் வளர்ந்த நாயும், புதிய மனிதர்கள் நடுவில் நிற்கும் நாயும் வலியை அடக்கிக்கொண்டு நிற்பதுண்டு.

"வாய் பேசாத பிராணிக்கு வலி இருக்கிறது என்று எப்படிச் சொல்ல முடியும்?" என்று சிலர் கேட்கலாம். வலியைப் பற்றி ஆராயும் சர்வதேச சங்கம் 1979ஆம் ஆண்டு வலிக்கு ஒரு வரையறை கொடுத்தது. 2020இல் அதைத் திருத்தி வெளியிட்டபோது, வலியைச் சொல்ல முடியவில்லை என்பதற்காக அந்த மனிதருக்கோ விலங்குக்கோ வலி இல்லை என்று ஆகிவிடாது என்பதைத் தெளிவாகவே சேர்த்தது. கைக்குழந்தைக்கும், நினைவு தவறிக் கிடக்கும் நோயாளிக்கும் பொருந்தும் இந்த நியாயம் நாய்க்கும் பூனைக்கும் பொருந்தும்.

உலகச் சிறு பிராணிகள் கால்நடை மருத்துவச் சங்கம் வலியைக் கண்டறிவதற்கான வழிகாட்டு நெறிகளை 2014இல் வெளியிட்டு, 2022இல் புதுப்பித்தது. உடல் வெப்பம், நாடி, மூச்சு ஆகிய மூன்றையும் பார்ப்பதுபோல நான்காவதாக வலியையும் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும் என்பது அதன் நிலைப்பாடு.

சத்தத்தை மட்டும் நம்பாதீர்கள்

நாம் பெரும்பாலும் மூன்று அடையாளங்களை வைத்து முடிவு செய்கிறோம். மூன்றுமே ஏமாற்றக்கூடியவை.

முதலாவது, கத்துவது. பயத்திலும் பசியிலும் தனிமையிலும்கூட நாய் கத்தும். கடுமையான வலியில் இருக்கும் பூனையோ ஒரு சத்தமும் போடாமல் இருக்கலாம்.

இரண்டாவது, பூனை தொண்டைக்குள் 'கர்ர்ர்' என்று உறுமுவது. மடியில் படுத்துக்கொண்டு உறுமினால் மகிழ்ச்சி என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அடிபட்ட பூனையும், சாகும் நிலையில் இருக்கும் பூனையும்கூட உறுமும். "உறுமுது, அப்போ நல்லாத்தான் இருக்கு" என்று விட்டுவிடக் கூடாது.

மூன்றாவது, நாய் நாக்கைத் தொங்கவிட்டு இளைப்பது. நம் டெல்டாவின் சித்திரை, வைகாசி வெயிலில் எந்த நாயும் இளைக்கத்தான் செய்யும். உடல் சூட்டைத் தணிக்க அதற்கு அதுதான் வழி. ஆனால் இரவில் காற்று குளிர்ந்த பிறகும், ஓடாமல் ஆடாமல் நிழலில் படுத்திருக்கும்போதும் இளைப்பு நிற்கவில்லை என்றால் வலியைச் சந்தேகிக்க வேண்டும்.

இதயத் துடிப்பும் அப்படித்தான். மருத்துவமனை மேசையில் பயந்து நிற்கும் பூனைக்கு வலி இல்லாமலேயே இதயம் வேகமாக அடிக்கும். ஆகவே ஒரே ஒரு அடையாளத்தை வைத்து முடிவு செய்யாமல், பல அடையாளங்களைச் சேர்த்துப் பார்த்து மதிப்பெண் போடும் முறைகளை ஆராய்ச்சியாளர்கள் உருவாக்கியிருக்கிறார்கள்.

பூனையின் முகத்தைப் படிப்பது

முகத்தைப் பார்த்து வலியை அளக்கும் முறையை 2010இல் கனடாவில் முதலில் எலிகளிடம் செய்து காட்டினார்கள். பூனைகளுக்கான முக அளவுகோலை அதே நாட்டின் மாண்ட்ரியல் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் 2019இல் வெளியிட்டார்கள். இதில் பார்க்க வேண்டியவை ஐந்து. ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண்.

1. காது: முன்னோக்கி நிமிர்ந்திருந்தால் 0. இரண்டு காதுகளும் சற்று விலகியிருந்தால் 1. வெளிப்பக்கம் திரும்பித் தட்டையாகச் சாய்ந்திருந்தால் 2.

2. கண்: நன்றாகத் திறந்திருந்தால் 0. பாதி மூடியிருந்தால் 1. இடுக்கிக்கொண்டிருந்தால் 2.

3. மூக்கும் வாயும் சேர்ந்த பகுதி: தளர்ந்து உருண்டையாக இருந்தால் 0. லேசாக இறுகியிருந்தால் 1. இறுகி நீள்வட்டமாகத் தெரிந்தால் 2.

4. மீசை: தளர்ந்து வளைந்து தொங்கினால் 0. வளைவு குறைந்திருந்தால் 1. விறைத்து நேராக முன்னோக்கி நீட்டியிருந்தால் 2.

5. தலை: தோள் மட்டத்துக்கு மேலே இருந்தால் 0. தோள் மட்டத்தில் இருந்தால் 1. தோளுக்குக் கீழே தாழ்ந்தோ, தாடை நெஞ்சை நோக்கிக் கவிழ்ந்தோ இருந்தால் 2.

மொத்தம் 10. கூட்டினால் 4 அல்லது அதற்கு மேல் வந்தால் வலி நிவாரணி தேவைப்படலாம் என்பது கணக்கு. நாம் தொடக்கத்தில் பார்த்த பூனையை எடுத்துக்கொள்வோம். காது சற்று விலகியிருக்கிறது (1). கண்ணை இடுக்குகிறது (2). வாய்ப் பகுதி லேசாக இறுகியிருக்கிறது (1). மீசை இயல்பாக இருக்கிறது (0). தலை கவிழ்ந்திருக்கிறது (2). கூட்டினால் 6. "சும்மா உட்கார்ந்திருக்கு" என்று நாம் நினைத்த பூனை உண்மையில் வலியில் இருக்கிறது.

பார்க்கும்போது சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். பூனை விழித்திருக்க வேண்டும். தூங்கும்போதும், சாப்பிடும்போதும், உடம்பை நக்கிச் சுத்தம் செய்யும்போதும், கத்தும்போதும் மதிப்பெண் போடக் கூடாது. எட்ட நின்று அரை நிமிடம் அமைதியாகப் பார்த்தால் போதும். சந்தேகம் இருந்தால் சிறிது நேரம் விட்டு மறுபடி பாருங்கள். பெர்சியன் போன்ற தட்டை முகப் பூனைகளின் முகத்தைப் படிப்பது கடினம் என்பதால், அவற்றின் நடத்தையையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

நாய்க்கு ஆறு கேள்விகள்

நாய்களுக்குப் பரவலாகப் பயன்படுவது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் உருவான அளவுகோல். அதன் சுருக்க வடிவம் 2007இல் வந்தது. மருத்துவமனையில், குறிப்பாக அறுவை சிகிச்சைக்குப் பிறகு, கால்நடை மருத்துவர்கள் பயன்படுத்துவதற்காகச் செய்யப்பட்டது. ஆனால் அதில் உள்ள ஆறு கேள்விகளை நாமும் தெரிந்து வைத்துக்கொள்ளலாம்.

நாய் அமைதியாக இருக்கிறதா, முனகுகிறதா, அலறுகிறதா? புண்ணைக் கண்டுகொள்ளாமல் இருக்கிறதா, நக்கிக்கொண்டோ கடித்துக்கொண்டோ இருக்கிறதா? எழுந்து நடக்கும்போது இயல்பாக நடக்கிறதா, நொண்டுகிறதா, எழவே மறுக்கிறதா? வலிக்கும் இடத்தைச் சுற்றி இரண்டு அங்குலம் தள்ளி மெதுவாக அழுத்தினால் சும்மா இருக்கிறதா, திரும்பிப் பார்க்கிறதா, கடிக்க வருகிறதா? கூப்பிட்டால் வாலாட்டுகிறதா, ஒதுங்குகிறதா? படுத்திருக்கும் விதம் வசதியாக இருக்கிறதா, முதுகைக் கூனிக்கொண்டு விறைப்பாக இருக்கிறதா?

இதற்கு மொத்த மதிப்பெண் 24. அதில் 6 வந்தால் வலி மருந்து பற்றி யோசிக்க வேண்டும். நடக்க முடியாத நாய்க்கு நடையை விட்டுவிட்டு 20க்குக் கணக்கிடுவார்கள். அங்கே எல்லை 5. பூனைக்கும் இதே கிளாஸ்கோ முறையில் 20க்கான ஓர் அளவுகோல் உண்டு. பிரேசில் நாட்டில் உருவான வேறொரு பூனை அளவுகோலும் பயன்பாட்டில் இருக்கிறது.

அழுத்திப் பார்க்கும் நான்காவது கேள்வியை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள். நன்றாகப் பழகிய நாய்கூட வலியில் கடித்துவிடும்.

நாய் சில சமயம் முன்னங்கால்களைத் தரையோடு தாழ்த்தி, பின்பக்கத்தை மட்டும் தூக்கியபடி நெடுநேரம் நிற்கும். விளையாட்டுக்காக ஒரு கணம் அப்படிக் குனிவது வேறு. சாப்பிடாமல், வாந்தியோடு, மறுபடி மறுபடி அப்படி நின்றால் அது வயிற்று வலியின் அடையாளமாக இருக்கலாம்.

"வயசாயிடுச்சு" என்பது நோயின் பெயர் இல்லை

மேலே சொன்னவை எல்லாம் திடீரென்று வரும் வலிக்கு. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் இருக்கும் வலி முகத்தில் அவ்வளவாகத் தெரியாது. அன்றாடப் பழக்கங்களில் தெரியும்.

அமெரிக்காவில் 12 வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களை ஆராய்ந்து 2002இல் வெளியிட்டார்கள். 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம் இருந்தது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றை 'மூட்டு வலி' என்று யாரும் மருத்துவரிடம் கொண்டு வந்திருக்கவில்லை. பூனை நொண்டாது, மதில் மேல் தாவுவதை நிறுத்திவிடும், அவ்வளவுதான். முதுகுப் பக்கம் நக்கிச் சுத்தம் செய்ய முடியாமல் முடி சடைபிடிக்கும். நகம் தேயாமல் நீண்டு வளரும். வழக்கமான இடத்துக்குப் போகாமல் பக்கத்திலேயே சிறுநீர் கழிக்கும். அதற்காக நாம் அதை அடித்து விரட்டுவோம்.

வயதான நாய் படுத்த இடத்திலிருந்து எழச் சிரமப்படும். நாலு அடி நடந்த பிறகுதான் கால் இலகுவாகும். படி ஏறத் தயங்கும். குழந்தைகள் தொட்டால் உறுமும். "வயசாயிடுச்சு, குணம் மாறிடுச்சு" என்று சொல்வதற்கு முன்னால் வலி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் கால்நடை மருத்துவர் சில நாட்களுக்கு வலி மருந்து கொடுத்துப் பார்ப்பார். பழையபடி மதில் ஏறினால், இத்தனை நாளும் அதைத் தடுத்தது வயது அல்ல, வலி என்பது உறுதியாகிவிடும்.

நம் பகுதியில் அடிக்கடி வருபவை

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வாகனத்தில் அடிபடும் நாய்கள், குறுவை, சம்பா அறுவடைக் காலத்தில் இயந்திரத்தில் கால் சிக்கும் பிராணிகள், எலிக்கு வைத்த கிட்டியில் பாதம் மாட்டிய பூனை, புழு வைத்த புண்ணோடு திரியும் தெருநாய் ஆகியவை நம் ஊர்களில் காணக்கூடியவை. இவற்றில் வலி வெளிப்படையாகவே தெரியும். தெரியாமல் போகிற இரண்டைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஒன்று, ஆண் பூனைக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்வது. அடிக்கடி போய் உட்கார்ந்து முக்கும். சொட்டுச் சொட்டாக வரும், அல்லது வரவே வராது. அந்த இடத்தையே நக்கிக்கொண்டிருக்கும். பார்ப்பவர்கள் மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுப்பார்கள். இது கடுமையான வலி தருவது மட்டுமல்ல, ஓரிரு நாளில் உயிரையே எடுத்துவிடும். ஆண் பூனை சிறுநீர் கழிக்கவில்லை என்று தெரிந்தால் அன்றைக்கே, இரவானாலும், மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, பாம்புக் கடி. வயல் ஓரத்தில் கண்ணாடி விரியன் கடித்தால் கடிபட்ட இடம் வீங்கி, தாங்க முடியாத வலி இருக்கும். ஆனால் கட்டுவிரியன் கடித்தால் வலி மிகக் குறைவு. நாய் அமைதியாகப் படுத்துவிட்டு, கொஞ்ச நேரத்தில் கால் தளர்ந்து, மூச்சு விட முடியாமல் போகும். வலி மதிப்பெண் குறைவு என்பதால் ஆபத்தும் குறைவு என்று நினைக்கக் கூடாது என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு. கடிவாயைக் கீறுவதும், கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம். நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போங்கள்.

புழு வைத்த புண்ணில் மண்ணெண்ணெய் ஊற்றுவதும், அந்துருண்டையைப் பொடித்துப் போடுவதும் நம் பகுதியில் இருக்கும் பழக்கம். மண்ணெண்ணெய் சதையை எரித்து வலியைக் கூட்டும். அந்துருண்டை நாய்க்கும் பூனைக்கும் நஞ்சு. அவை புண்ணை நக்கும்போது அதுவும் வயிற்றுக்குள் போகும்.

கால் துண்டு மாத்திரையின் கணக்கு

இப்போது முதலில் சொன்ன மாத்திரைக்கு வருவோம். நம் வீடுகளில் எப்போதும் இருக்கும் பாராசிட்டமால்தான் அது. டோலோ, க்ரோசின், கால்பால் என்று பெயர் எதுவானாலும் உள்ளே இருக்கும் மருந்து ஒன்றுதான்.

60 கிலோ எடையுள்ள ஒரு மனிதர் 650 மில்லிகிராம் மாத்திரை ஒன்றைச் சாப்பிட்டால், ஒரு கிலோவுக்குச் சுமார் 11 மில்லிகிராம் வருகிறது. 4 கிலோ பூனைக்கு அதில் கால் துண்டு கொடுத்தால், ஒரு கிலோவுக்குச் சுமார் 40 மில்லிகிராம். 'கொஞ்சம்தானே' என்று நாம் கொடுப்பது மனிதருக்கான அளவைப்போல் கிட்டத்தட்ட நான்கு மடங்கு.

இன்னும் குறைத்துக் கொடுத்தாலும் தப்பில்லை என்று நினைத்துவிடாதீர்கள். இந்த மருந்தை உடலிலிருந்து வெளியேற்ற மனிதரின் கல்லீரலில் இருக்கும் முக்கியமான நொதி பூனைக்குச் சரியாக வேலை செய்வதில்லை. ஒரு கிலோவுக்கு 10 மில்லிகிராம் அளவிலேயே பூனைகள் பாதிக்கப்பட்டது பதிவாகியிருக்கிறது. மருந்து நஞ்சாக மாறி இரத்தச் சிவப்பணுக்களைத் தாக்கும். இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் தன்மையை இழக்கும். சில மணி நேரத்தில் ஈறு நீலமாகவோ பழுப்பாகவோ மாறும். மூச்சுத் திணறும். முகமும் பாதங்களும் வீங்கும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று ஒரு பூனையைக் கொல்லப் போதுமானது.

ஏற்கனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். எந்த மாத்திரை, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பதை மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள். இதற்கு அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாற்று மருந்து உண்டு. எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறோமோ அவ்வளவு நல்லது.

நாய்க்கும் மனித மாத்திரை வேண்டாம். இப்யூபுரூஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை நாயின் வயிற்றில் புண்ணையும் இரத்தக் கசிவையும் உண்டாக்கி, சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஒரு உயிருக்கு மருந்தாக இருப்பது இன்னொன்றுக்கு நஞ்சாகும் என்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. டைக்ளோஃபெனாக் போடப்பட்ட மாடுகளின் சடலத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாகச் செத்தன. அதனால்தான் கால்நடைகளுக்கு அந்த மருந்தைப் பயன்படுத்துவதை இந்திய அரசு 2006இல் தடை செய்தது.

தைலமும் வேண்டாம். தேய்த்த தைலத்தைப் பூனை நக்கித்தான் தீர்க்கும். அதிலுள்ள சாலிசிலேட் பூனைக்கு ஆகாது.

தொடாமலே பார்க்கலாம்

நம் வீடுகளில் பூனை வளர்ப்பவர்கள் நிறைய. நாயை வீட்டுக்குள் வைப்பவர்கள் குறைவு. தென்னந்தோப்புக் காவலுக்கும், வயல் காவலுக்கும் வெளியே வைத்திருப்பார்கள். "நாம்தான் நாயைத் தொடுவதில்லையே, நமக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பவர்களும் உண்டு.

தாகத்தால் நாக்கைத் தொங்கவிட்டு ஈர மண்ணை நக்கிக்கொண்டிருந்த நாய்க்கு, கிணற்றில் இறங்கித் தன் காலுறையில் தண்ணீர் எடுத்து வந்து புகட்டிய மனிதரைப் பற்றிய நபிமொழி நம் எல்லோருக்கும் தெரியும். அந்த நாயின் நாக்கையும், அது மண்ணை நக்கியதையும் பார்த்தே அதன் தாகத்தை அவர் புரிந்துகொண்டார். வலியை அறிவதும் அப்படித்தான். மேலே சொன்ன அடையாளங்களில் பெரும்பாலானவை எட்ட நின்று பார்த்தாலே தெரிபவை.

கண்ணால் பார்த்ததைப் பதிந்து வைப்பதன் மதிப்பைத் தஞ்சாவூர் எப்போதோ அறிந்திருக்கிறது. இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்தில் கண் நோயாளிகளின் கண்களைப் படமாக வரைந்து, நோயின் விவரத்தோடு எழுதி வைத்த ஏடுகள் சரசுவதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. இன்று நம் கையில் கைப்பேசி இருக்கிறது. மருத்துவமனைக்குக் கொண்டுபோனதும் பூனை பயத்தில் உறைந்துவிடும். நொண்டிய நாய் நேராக நடந்து காட்டும். வீட்டில் இருக்கும்போதே எடுத்த ஒரு நிமிட வீடியோ மருத்துவருக்கு மிகவும் உதவும். வெளிநாட்டில் இருந்துகொண்டு வீட்டாரோடு வாட்ஸ்அப்பில் பேசுபவர்களும், "பூனையைக் காட்டுங்க" என்று கேட்டு அதன் காதையும் கண்ணையும் பார்த்துச் சொல்லலாம்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. நடத்தை மாறியதெல்லாம் வலி என்று கிட்டே போகக் கூடாது. எச்சில் ஒழுக, விழுங்க முடியாமல், காரணமில்லாமல் பாய்ந்து கடிக்க வரும் நாயோ, குரல் மாறி மந்தமாகத் திரியும் நாயோ வெறிநோய் கண்டதாக இருக்கலாம். குழந்தைகளை உள்ளே அழைத்துக்கொண்டு, உள்ளாட்சி அலுவலகத்துக்கோ கால்நடை மருந்தகத்துக்கோ தகவல் சொல்லுங்கள். நாயோ பூனையோ கடித்தாலும் பிறாண்டினாலும் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

எங்கே போவது, எப்படிக் கொண்டுபோவது?

நம் மாவட்டத்திலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தஞ்சாவூர் - பட்டுக்கோட்டை சாலையில் உள்ள ஒரத்தநாட்டில் 2012இல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையம்தான் அது. 1903இல் சென்னையில் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்கும் அதே தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இதுவும் இயங்குகிறது. ஆடு மாடுகளுக்கு மட்டும்தான் என்று நினைத்துப் பலர் போவதில்லை. நாய்க்கும் பூனைக்கும் அங்கே சிகிச்சை உண்டு. ஊர்ப்புறத்தில் அரசு கால்நடை மருந்தகங்கள் இருக்கின்றன. நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைக்கலாம்.

பூனையை ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியிலோ, மூடியுள்ள கூடையிலோ, அதற்குப் பழக்கமான துணி விரித்துக் கொண்டுபோங்கள். அடிபட்ட நாயைக் காலைப் பிடித்து இழுக்காமல், பலகையிலோ சாக்கிலோ மெதுவாக நகர்த்தி, முதுகு வளையாமல் தூக்குங்கள். இரத்தம் வந்தால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். போகும் வரை நிழலான, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். சுற்றிலும் கூட்டம் கூட வேண்டாம்.

மருத்துவர் கேட்பதற்கு முன்பே சொல்ல வேண்டியவை நான்கு: கடைசியாக எப்போது சாப்பிட்டது, எப்போது சிறுநீர் கழித்தது, எந்தப் பழக்கம் எப்போதிலிருந்து மாறியது, வீட்டில் என்ன மருந்து கொடுத்தீர்கள். இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் பாதி வேலை முடிந்த மாதிரி. கருத்தடை அறுவை செய்து அழைத்து வந்த பூனைக்கும் நாய்க்கும், மருத்துவர் எழுதிக் கொடுத்த வலி மருந்தை 'நல்லாத்தானே இருக்கு' என்று பாதியில் நிறுத்தாதீர்கள்.

நெல் மூட்டைக்குப் பின்னால் ஒதுங்கிய அந்தப் பூனை இன்று உங்கள் வீட்டில் இருக்கலாம். கிட்டே போய்த் தூக்க வேண்டாம். வாசலில் நின்று அரை நிமிடம் அதன் காதையும் கண்ணையும் தலையையும் பாருங்கள். மதிப்பெண் 4ஐத் தொட்டால் மாத்திரை டப்பாவைத் திறக்காமல் கூடையை எடுங்கள்.